வாசலில் வைத்த ஆறு பைகள்

கேள்வி: பதினெட்டு வருடம் இருந்த வீட்டைவிட்டுச் சின்ன வீட்டுக்கு மாறப்போகிறோம். இரண்டு மாதம் அவகாசம் இருக்கிறது. பரண், கட்டிலுக்கு அடி, மாடிப்படிக்குக் கீழே என்று எங்கே கை வைத்தாலும் சாமான். போன சனிக்கிழமை ஒரு வேகத்தில் ஆறு பெரிய பைகள் கட்டி வாசலில் வைத்துவிட்டேன். மறுநாள் வண்டி வந்து அள்ளிக்கொண்டு போனது. வீடு லேசான மாதிரி இருந்தது. ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. நல்ல துணிகள், பேட்டரிகள், பாதி மாத்திரை மிச்சமிருந்த அட்டைகள் எல்லாம் அதில் போயின. அதற்கப்புறம் எதையும் எறிய மனம் வரவில்லை. 'எல்லாத்தையும் ரீசைக்கிள் பண்ணிடலாம்மா' என்கிறாள் மகள். 'ஒரு லாரியை வரச் சொல், ஒரே நாளில் முடிந்தது' என்கிறார் கணவர். பூமிக்குப் பாரமில்லாமல் வீட்டைக் காலி செய்ய வழி உண்டா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அந்த ஆறு பைகளிலிருந்தே தொடங்குகிறேன். வீடுகளை ஒழுங்குபடுத்தித் தருவதைத் தொழிலாக எடுத்துக்கொள்வதற்கு முன்னால் ஏழு வருடம் ஒரு குப்பைப் பிரிப்பு நிலையத்தில் மேற்பார்வை பார்த்தவள் நான். நீங்கள் வாசலில் வைத்த மாதிரிப் பைகள் வந்து கொட்டுகிற இடத்தில் நின்றிருக்கிறேன். வாய் இறுகக் கட்டிய பெரிய பையை அங்கே யாரும் ஆற அமரப் பிரித்துப் பார்ப்பதில்லை. அதற்கு நேரம் கிடையாது. உள்ளே பட்டுத்துணியே இருந்தாலும் அது குப்பைதான். ஆகவே அந்தத் துணிகள் போனது போனதுதான். அதை நினைத்து இன்னொரு இரவையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செல்போன், துணிமணி மாதிரிப் பொருள்களால் வரும் கேட்டில் பெரும்பங்கு அவை குப்பைக்குப் போகும் நாளில் வருவதில்லை. செய்யப்பட்ட நாளிலேயே வந்து முடிந்துவிடுகிறது. ஒரு செல்போன் தன் ஆயுள் முழுக்க உண்டாக்கும் கார்பனில் மிகப் பெரிய பகுதி அதைத் தயாரிக்கும்போதே வெளியேறிவிடும். நாம் சார்ஜ் போட்டுப் பயன்படுத்துவதில் வருவது கொஞ்சம்தான். பதினெட்டு வருடச் சாமானைப் பத்திரமாக வைத்துக்கொண்டே இருப்பதால் அந்தக் கார்பன் திரும்பி வந்துவிடாது. பரணில் தூங்கும் பொருளால் யாருக்கும் பயனில்லை. அதே பொருள் தேவைப்படும் இன்னொருவர் கடையில் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டிருப்பார். அதனால் எதையும் எறிய மனம் வராமல் உட்கார்ந்திருப்பதும் நீங்கள் நினைக்கிற அளவுக்கு நல்ல காரியம் இல்லை.

சரி, மகள் சொல்வது சரியா, கணவர் சொல்வதா? இருவர் சொல்வதிலும் பாதி பாதி. இருவருமே பொருள் வீட்டைவிட்டு வெளியே போன பிறகு நடப்பதிலிருந்துதான் யோசிக்கிறார்கள். நெதர்லாந்து நாடாளுமன்றத்தில் 1979-இல் ஆட் லான்சிங்க் என்ற உறுப்பினர் குப்பைக்கு ஓர் ஏணி வரைந்து காட்டினார். மேல்படியில் குப்பையே உருவாகாமல் பார்த்துக்கொள்வது, அதற்கடுத்து மறுபயன்பாடு, அதற்கும் கீழேதான் மறுசுழற்சி, அப்புறம் எரிப்பது, அடியில் புதைப்பது. உலகம் முழுக்கக் குப்பைச் சட்டங்கள் இன்றும் ஏறக்குறைய அந்த ஏணியில்தான் ஏறி இறங்குகின்றன. உங்கள் மகள் பிடித்திருப்பது நடுப்படி. கணவர் சொல்லும் லாரி பெரும்பாலும் அடிப்படியில் போய் நிற்கும்.

நான் வேலைக்குப் போகும் வீடுகளில் முதல் வாரம் எந்த அலமாரியையும் திறக்கவிடுவதில்லை. எல்லோரும் செய்கிற தவறு அதுதான்: எல்லாவற்றையும் இழுத்து நடுக்கூடத்தில் குவித்துவிட்டு, மூன்றாம் நாள் இடுப்பு வலி எடுத்ததும் 'எங்கேயாவது போகட்டும்' என்று பையில் திணிப்பது. உங்கள் சனிக்கிழமையும் அப்படித்தான் போயிருக்கும். பொருள் வெளியே போகும் வழி தெரியாமல் அதை இடத்தைவிட்டு எடுத்தால் அது குப்பையில்தான் முடியும். அதனால் முதல் வாரம் வெறும் விசாரணை. ஒரு நோட்டும் போனும் போதும். பேட்டரியை யார் வாங்குகிறார்கள், பழைய மின்சாதனத்தை எங்கே ஒப்படைக்கலாம், மருந்துக் கடைகளில் பழைய மருந்தைத் திரும்ப எடுக்கிறார்களா, எந்தக் கிழமை, எத்தனை மணி வரை, வீட்டுக்கு வந்து எடுப்பார்களா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் தொடங்குங்கள். தெரிந்தவர்கள் வட்டத்தில் யாருக்கு என்ன தேவைப்படுகிறது என்பதையும் அதே நோட்டில் எழுதுங்கள். ஒரு வாரத்தில் எட்டுப் பத்து வழிகள் சேரும். அதற்கப்புறம் திறக்கும் ஒவ்வொரு இழுப்பறையும் பாதி நேரத்தில் காலியாவதைப் பார்ப்பீர்கள்.

இடையில் ஒரு எச்சரிக்கை: ஒழுங்குபடுத்துவதற்காக எதையும் வாங்காதீர்கள். மூடி போட்ட பெட்டிகள், மூங்கில் கூடைகள், 'இயற்கைக்கு இசைவான' துணிப்பைகள், எதுவும் வேண்டாம். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018-இல் ஒரு கணக்குப் போட்டது. ஒரு பருத்திப் பை, பருவநிலை பாதிப்பு என்ற ஒன்றில் மட்டும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குச் சமமாக வேண்டுமென்றால் அதைக் குறைந்தது 52 முறை பயன்படுத்த வேண்டும். ஓசோன் படலம், தண்ணீர் என்று எல்லா வகைப் பாதிப்பையும் சேர்த்துப் பார்த்தால் 7,100 முறை. பிளாஸ்டிக் பை கடலில் போய் மிதப்பது அந்தக் கணக்கில் வராது என்பது உண்மைதான். ஆனாலும் உங்கள் கதவுக்குப் பின்னால் ஏற்கெனவே பதினைந்து துணிப்பைகள் தொங்கிக்கொண்டிருக்கும், பந்தயம் கட்டுகிறேன். அவற்றிலேயே சாமானைக் கட்டிக் கொண்டுபோங்கள்.

கொடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மனச்சாட்சி உள்ளவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். கொடுத்தால் பாவம் தீர்ந்தது என்று நினைக்கிறோம். கானா நாட்டுத் தலைநகர் அக்ராவில் கன்டமன்டோ என்று ஒரு பழந்துணிச் சந்தை இருக்கிறது. பணக்கார நாடுகளில் 'தானமாக' கொடுத்த துணிகள் அங்கே பொதி பொதியாக வந்து இறங்குகின்றன, வாரத்துக்கு 1.5 கோடி உருப்படிகள் என்று ஒரு கணக்கு உண்டு. அங்குள்ளவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'ஓப்ரோனி வாவு'. செத்துப்போன வெள்ளைக்காரனின் துணி என்று அர்த்தம். இவ்வளவு நல்ல துணியை உயிரோடிருக்கும் யாரும் கொடுக்கமாட்டார்கள் என்று ஒரு காலத்தில் நம்பியதால் வந்த பெயராம். இன்று வருவதில் பெருமளவு விற்கவே முடியாத ரகம். அது சாக்கடையில் அடைத்து, கடற்கரையில் மணலோடு புரண்டு கிடக்கிறது. கொடுத்தவர்கள் யாரும் குப்பை போட்டதாக நினைத்திருக்கமாட்டார்கள்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். வாங்குகிறவர் பார்க்க முடியாது என்பதால்தான் கொடுக்கிறவர் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்வேன். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அக்குள் பகுதி பழுப்பேறியிருக்கிறதா, ஜிப் முழுசாக ஏறி இறங்குகிறதா, இடுப்பு எலாஸ்டிக் தொளதொளவென்று ஆகிவிட்டதா? துவைத்து, பட்டன் தைத்து, 'இதை என் தங்கைக்குக் கொடுப்பேனா' என்று கேட்டுக்கொள்ளுங்கள். கொடுப்பேன் என்றால் அது ஆளுக்குப் போகலாம். இல்லையென்றால் அது துடைக்கும் துணி. பருத்தி என்றால் நன்றாக உறிஞ்சும். ஒரு பை நிறைய வெட்டி வைத்தால் புது வீட்டைத் துடைக்கவே பயன்படும். பாலியஸ்டர் தண்ணீரை உறிஞ்சாது, துடைக்கவும் ஆகாது. பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணியிலிருந்து இழைகளைப் பிரித்தெடுத்து மறுபடி துணியாக்குவது இன்னும் பரவலாக நடைமுறைக்கு வராத வேலை. அதனால் கிழிந்த கலப்புத் துணியை மெத்தை, பொம்மைக்கு உள்ளே அடைக்க யாராவது கேட்டால் கொடுங்கள், கேட்காவிட்டால் குப்பைதான்.

பொதுவாக 'எல்லோரும் வந்து எடுத்துக்கோங்க' என்று அறிவிப்பதைவிட ஒரு பொருள், ஓர் ஆள் என்று கொடுப்பது பலிக்கிறது. போன வருடம் ஒரு வீட்டில் தையல் மெஷின் ஒன்றைப் பன்னிரண்டு வருடமாக யாரும் தொடவில்லை. அந்த அம்மா நல்ல விலைக்கு விற்க வேண்டும் என்று நான்கு வாரம் காத்திருந்தார், ஒருவரும் வரவில்லை. கடைசியில் மாடி வீட்டுப் பெண்ணிடம், 'எனக்கு இரண்டு தலையணை உறை தைத்துக் கொடு, மெஷினை எடுத்துக்கொள்' என்றார். அது இப்போது தினமும் ஓடுகிறது. விலை விஷயத்தில் நம் மனமே நம்மை ஏமாற்றும். கானெமன், க்னெட்ச், தேலர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1990-இல் வெளியிட்ட சோதனை ஒன்றில் சிலருக்குக் காப்பிக் கோப்பை ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு, 'எவ்வளவுக்கு விற்பீர்கள்' என்று கேட்டார்கள். கோப்பை இல்லாதவர்களிடம் 'எவ்வளவுக்கு வாங்குவீர்கள்' என்று கேட்டார்கள். விற்பவர்கள் சொன்னது வாங்குபவர்கள் சொன்னதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். கைக்கு வந்து சில நிமிடமே ஆன கோப்பைக்கே இப்படி என்றால் பதினெட்டு வருடச் சாமானுக்கு நாம் போடும் விலையை யோசித்துப் பாருங்கள். நீங்கள் நினைக்கும் விலையில் பாதியைச் சொல்லுங்கள், இரண்டு வாரம் பாருங்கள், அப்புறம் சும்மா கொடுத்துவிடுங்கள்.

கொடுக்கவே கூடாதவையும் உண்டு. ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட், காரில் குழந்தையை உட்கார வைக்கும் பழைய இருக்கை, பெயின்ட் உரியும் பழைய பொம்மை, வயர் வெடித்த இஸ்திரிப்பெட்டி. ஹெல்மெட்டின் உள்நுரை ஒரே ஒரு அடியைத் தாங்கத்தான் செய்யப்பட்டது; அது நசுங்கியிருப்பது வெளியே தெரியாது.

இனி மகளுக்கு. நான் பார்த்த நிலையத்தில் பிரிப்புப் பட்டை ஓடிக்கொண்டிருக்கும். அதன் நடுவே அட்டையையும் புட்டியையும் பிரிக்கும் சுழல் உருளைகள். தினமும் இரண்டு முறையாவது எல்லாம் நிற்கும். மெல்லிய பிளாஸ்டிக் பைகள் அந்த உருளைகளில் தலைமுடி மாதிரிச் சுற்றிக்கொள்ளும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கையில் கத்தியோடு ஆட்கள் உள்ளே இறங்கி அறுத்தெடுப்பார்கள். அந்தப் பைகளைப் போட்டவர்கள் அத்தனை பேரும் நல்ல எண்ணத்தில்தான் போட்டார்கள். 'எப்படியாவது ரீசைக்கிள் ஆகிவிடும்' என்று ஆசையில் போடுவது நல்ல பொருளையும் சேர்த்துக் கெடுக்கும். எண்ணெய் ஊறிய ஓர் அட்டை பக்கத்திலிருக்கும் காகிதக் கட்டையும் பாழாக்கும். கண்ணாடி டம்ளரோ அடுப்பில் வைக்கும் கண்ணாடிப் பாத்திரமோ புட்டிகளோடு போகக் கூடாது. உருகும் வெப்பம் வேறு என்பதால் புதுப் புட்டியில் உருகாத கட்டியாக நிற்கும். கடை ரசீதுகளும் காகிதத்தோடு சேராது. பல ரசீதுகளில் ரசாயனப் பூச்சு இருக்கிறது. பிளாஸ்டிக்கின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் 1 முதல் 7 வரையிலான எண், 1988-இல் பிளாஸ்டிக் தொழில்துறையே கொண்டுவந்த அடையாளம். அது என்ன வகைப் பிளாஸ்டிக் என்று மட்டும்தான் சொல்கிறது, மறுசுழற்சி ஆகும் என்று வாக்குக் கொடுப்பதில்லை. 1, 2 என்றால் வாங்க ஆள் கிடைப்பது எளிது. 5-ஐ சில இடங்களில் வாங்குகிறார்கள். மற்றவற்றைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

உலோகம் இருந்தால் தயங்கவே வேண்டாம், கொடுத்துவிடுங்கள். பழைய அலுமினியத்தை உருக்கிப் புதிதாக்க, தாதுவிலிருந்து எடுப்பதைவிட ஏறக்குறைய 95 சதவீதம் குறைவான ஆற்றல் போதும். வளைந்துபோன பாத்திரமும் உடைந்த ஏணியும் வீட்டில் கிடக்கவேண்டிய பொருள்களே இல்லை.

அடுத்து, உங்கள் தூக்கத்தைக் கெடுத்த பேட்டரி. குப்பை வண்டிக்குள் எல்லாவற்றையும் ஓர் இரும்புத் தகடு அழுத்தி நசுக்கும். லித்தியம் பேட்டரி நசுங்கினால் உள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும், அந்தத் தீ லேசில் அணையாது. ஒரு முறை எங்கள் நிலையத்தில் மதியம் கொட்டிய குவியல் ஒன்று சாயங்காலம் புகைந்தது. குடைந்து பார்த்தால் ஒரு பொம்மைக் கார். இனி சேரும் பேட்டரிகளை மூடியுள்ள ஒரு டப்பாவில் போடுங்கள். முனைகளில் ஒட்டும் நாடா சுற்றிவிடுங்கள். சதுரமான 9 வோல்ட் பேட்டரிக்கு இது மிக முக்கியம், இரண்டு முனையும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஒரு சாவிக்கொத்து பட்டாலே சூடேறும். கைக்கடிகாரத்தின் வட்ட பேட்டரிகளைக் குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

சுருள் பல்பிலும் குழல் விளக்கிலும் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு, எல்.இ.டி.யில் கிடையாது. உடையாமல் காகிதத்தில் சுற்றி, மின்குப்பை வாங்குபவர்களிடம் கொடுங்கள். கைதவறி உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் அறையைவிட்டு வெளியே போய்விடுங்கள். துடைப்பமும் வேக்குவம் கிளீனரும் ஆகாது, அவை பாதரசத்தைப் பரப்பும். கெட்டி அட்டையால் அள்ளி, மிச்சத்தை ஒட்டும் நாடாவால் ஒற்றியெடுத்து மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் வையுங்கள். பரணில் பழைய பாதரசக் காய்ச்சல்மானி இருந்தால் அதில் இருப்பது மில்லிகிராம் கணக்கில் அல்ல, கிராம் கணக்கில். உறையோடு எடுத்து ஒப்படையுங்கள். மருந்துகளைக் கழிப்பறையில் கொட்ட வேண்டாம். கழிவுநீர் சுத்திகரிப்பில் பல மருந்துகள் முழுதாக நீங்குவதில்லை. திரும்ப எடுக்கும் மருந்துக்கடை இல்லையென்றால் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து மண்ணோடு கலந்து, பையில் கட்டிக் குப்பையில் போடலாம். அட்டையில் உள்ள பெயரை மட்டும் கிழித்துவிடுங்கள்.

மின்சாதனங்களில் நீங்கள் எழுதாத ஒன்று கட்டாயம் இருக்கும்: பழைய செல்போன் இழுப்பறை. 2022-இல் உலகம் 6.2 கோடி டன் மின்குப்பையை உண்டாக்கியது என்றும், அதில் 22.3 சதவீதம்தான் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறது என்றும் ஐக்கிய நாடுகள் அமைப்பின் 2024 அறிக்கை சொல்கிறது. மிச்சத்தில் ஒரு பகுதி நம் இழுப்பறைகளில்தான் தூங்குகிறது. பத்து லட்சம் போன்களிலிருந்து சுமார் 34 கிலோ தங்கமும் 350 கிலோ வெள்ளியும் எடுக்கலாம் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் கணக்கு. ஆனால் அதைத் திறந்தவெளியில் எரித்தும் அமிலத்தில் ஊறவைத்தும் எடுக்கிறவர்கள் கைக்கு உங்கள் போன் போகக் கூடாது. அதனால் யார் அதிகக் காசு தருகிறார்கள் என்பதைவிட, யார் ரசீது தருகிறார்கள் என்று பாருங்கள். இன்னும் ஓடுகிற போனை உடனே கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு மாதமும் அது பழசாகிக்கொண்டே போகிறது. படங்களைக் கணினிக்கு மாற்றி, கணக்குகளிலிருந்து வெளியேறி, எல்லாவற்றையும் அழித்த பிறகு சிம்மையும் மெமரி கார்டையும் எடுங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

பழைய ஃபிரிட்ஜ் விற்கும்போது ஒன்று மட்டும் கேளுங்கள்: 'கேஸை எப்படி எடுப்பீர்கள்?' குழாயை அறுத்துக் காற்றில் விடுகிறவர்களுக்குக் கொடுக்காதீர்கள். ஆர்-134ஏ போன்ற பழைய குளிரூட்டு வாயு, அதே எடை கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு சில பைகள் குப்பைக்குத்தான் போகும். உடைந்த மெலமைன் தட்டு, நைந்த ரெக்சின் பை. இவற்றுக்கு ஏணியில் வேறு படி இல்லை, போடுங்கள். அதேபோல வைத்துக்கொள்ள ஆசைப்படும் பொருள்களையும் வைத்துக்கொள்ளலாம். கடிதக் கட்டு, குழந்தையின் முதல் செருப்பு, ஒரு விரிசல் விட்ட மரப்பெட்டி. இடம் இருக்கும்வரை வைத்துக்கொள்வதால் பூமிக்கு எந்தக் கேடும் இல்லை. எதுவும் இல்லாத வெள்ளைச் சுவர் வீடுதான் நல்ல வீடு என்று படம் போட்டுக் காட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை. அப்படிக் காலி செய்தவர்கள் ஒரு வருடத்தில் பாதியைத் திரும்ப வாங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

கணவர் சொன்ன லாரியையும் வரச் சொல்லலாம், ஆனால் ஏழாவது வாரத்தில். மெத்தை, கட்டில், புது வீட்டுக்குள் நுழையாத பீரோ எல்லாம் கடைசியில்தான் நிற்கும். ஓட்டுநரிடம் எங்கே இறக்குவார் என்று ஏற்றுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு ஆள் பாருங்கள்.

அந்தப் பழைய செல்போன் இழுப்பறையை மட்டும் வாரக்கணக்குப் பார்க்காமல் இன்றைக்கே திறந்து பாருங்கள். பின்மூடி உப்பியிருக்கும் போன் ஏதாவது இருந்தால் அழுத்தவோ குத்தவோ சார்ஜ் போடவோ வேண்டாம். மணல் நிரப்பிய இரும்பு டப்பாவில் வைத்து, திரைச்சீலையும் காகிதமும் இல்லாத இடத்தில் ஒதுக்கிவிட்டு, நாளைக் காலை முதல் வேலையாக மின்குப்பை எடுப்பவர்களைக் கூப்பிடுங்கள்.